பார்க்கின்சன் மாத்திரை சைடு எஃபெக்ட் நியூஸ்: எது தேறும், எது தேறாது, எங்க வீட்டு ரேட்டிங்

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டரும் இல்ல நர்ஸும் இல்ல. வேலூர் சத்துவாச்சாரில வீடு, மாமனாருக்கு பார்க்கின்சன்னு சொல்ற நடுக்க நோய், அவரோட மாத்திரை டப்பாவ நிரப்பி வேளா வேளைக்கு குடுக்கற வேலை என்னோடது, அவ்ளோதான் என் தகுதி. சென்னையில இருக்கற என் நாத்தனாருக்கு அப்பா மேல உயிர், அதனால அவ போன்ல வர ஒவ்வொரு ஹெல்த் நியூஸையும் "அண்ணி, அப்பா சாப்பிடறது இது தானே, நிறுத்திடலாமா"ன்னு கேட்டு எனக்கு தள்ளி விடுவா. பாசம் தான், குத்தம் சொல்லல. ஆனா பார்க்கின்சனுக்கு முக்கியமா குடுக்கற லெவோடோபா மாத்திரைய திடீர்னு நிறுத்தினா ஜுரம் ஏறி, உடம்பு கட்டையா விறைச்சு, சுயநினைவு குழம்பி, உயிருக்கே ஆபத்தா போகலாம்ங்கறது அந்த நியூஸ்ல ஒன்னுலயும் ஒரு வரி கூட இருக்காது. பயமுறுத்தறவன் பயமுறுத்திட்டு போய்டறான், மாத்திரை குடுக்கறவ நான் தானே.

அதனால நாங்க பாக்கற, படிக்கற ஒவ்வொன்னுக்கும் ஒரு ரிவ்யூ போட்டுடலாம்னு உக்காந்தேன். ஸ்டார் போட்டது எப்படின்னா, எல்லாத்துகிட்டயும் ஒரே கேள்வி தான்: எந்த மாத்திரைன்னு பேர சொல்றியா, நூறு பேர்ல எத்தனை பேருக்கு வருதுன்னு சொல்றியா, அந்த மாத்திரை சாப்பிடாதவங்களுக்கு எத்தனைன்னு சொல்றியா, நாளைக்கு காலைல நான் என்ன செய்யணும்னு சொல்றியா. அழகா எழுதறானா, வீடியோ நல்லா எடுக்கறானா, அதெல்லாம் எனக்கு வேணாம்.

போன்லயே கெடக்கற நியூஸ் ஆப்புல இருந்து ஆரம்பிக்கறேன். பேரு வேணாம், ஒரே அச்சுல நாலஞ்சு இருக்கு, எல்லாத்துக்கும் சேர்த்து 5க்கு 1. "நடுக்க நோய் மாத்திரையால் சூதாட்ட வெறி"ங்கற ரகத்துல தலைப்பு வரும், உள்ள போனா மூணு விளம்பரம் தாண்டி தான் மாத்திரை பேரு வரும், சில சமயம் வரவே வராது. எங்க அத்தை கண்ணாடி மாட்டிகினு இத படிச்சிட்டு "இன்னாடி இது, இவுரு சூதாட போய்டுவாராமா, தீப்பெட்டி வாங்கவே நாலு கடை வெலை கேக்கற மனுசன் இவுரு"ன்னு சிரிச்சாங்க. விஷயம் பொய்யான்னா பொய் இல்ல. பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் மாதிரி டோபமைன் அகோனிஸ்ட் வகை மாத்திரைல, அதாவது இந்த நோயால மூளைல கொறஞ்சு போன டோபமைனுக்கு பதிலா வேலை செய்யற மாத்திரைல, இது நிஜமாவே வரும். அமெரிக்கா, கனடாவுல 3,090 நோயாளிங்கள வெச்சு ஒரு ஆய்வு பண்ணி 2010ல வெளியிட்டாங்க, அகோனிஸ்ட் சாப்பிட்டவங்கள்ல 17.1 சதவீதம் பேருக்கு சூதாட்டம், கண்டபடி ஷாப்பிங், அடங்காத சாப்பாடு, அளவு மீறின பாலியல் ஆசை, இதுல ஏதாவது ஒன்னு இருந்துச்சு, அகோனிஸ்ட் சாப்பிடாதவங்கள்ல 6.9. அதாவது நூத்துக்கு பதினேழு, ஏழு. இந்த ரெண்டாவது நம்பர் இருந்தா தான் மொத நம்பருக்கு அர்த்தமே வருது, அத எந்த ஆப்பும் போடாது. இன்னொன்னு, இது அகோனிஸ்ட் மாத்திரையோட கதை, தலைப்புல பொதுவா "பார்க்கின்சன் மாத்திரை"ன்னு போட்டதும் லெவோடோபா மட்டும் சாப்பிடற வீட்லயும் போய் குண்டு விழுது.

ஆனா 0 போடாம 1 போட்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. இந்த மாதிரி விஷயத்த ஆம்பளைங்க கூச்சப்பட்டு வாய தொறக்க மாட்டாங்க, வீட்லயும் "வயசான காலத்துல புத்தி போச்சு"ன்னு திட்டுவாங்களே தவிர மாத்திரைய சந்தேகப்பட மாட்டாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு போன்ல ரம்மி ஆடற பெரியவர் உங்க வீட்ல இருந்தா, அவர் பார்க்கின்சன் மாத்திரை சாப்பிடறவரா இருந்தா, திட்டறத நிறுத்திட்டு டாக்டர் கிட்ட சொல்லுங்க, டோஸ் குறைச்சாலோ மாத்திரைய மாத்தினாலோ பெரும்பாலும் அடங்குது, நீங்களா நிறுத்தாதீங்க, அகோனிஸ்ட்டயும் பட்டுனு விட்டா பதட்டம், வேர்வை, மனசு சோர்வுன்னு வேற தொல்லை வரும்.

சத்தமா வர நியூஸ் எல்லாமே குப்பைன்னு நெனைக்கறவங்களும் இருக்காங்க, எங்க வீட்டுக்காரரே அந்த கட்சி தான், அதுவும் சரியில்ல. ரெண்டு பழைய கதை சொல்றேன். பெர்கோலைடுன்னு ஒரு பார்க்கின்சன் மாத்திரை இருந்துச்சு, அதுவும் அகோனிஸ்ட் தான். 2007 ஜனவரில ஒரே மருத்துவ பத்திரிகைல ரெண்டு ஆய்வு வந்துச்சு, இத்தாலி குழு ஒன்னு ஹார்ட் எக்கோ எடுத்து பாத்ததுல பெர்கோலைடு சாப்பிட்டவங்கள்ல 23.4 சதவீதம் பேருக்கு வால்வுல கவலைப்படற அளவு கசிவு, அதே குடும்பத்து கேபர்கோலின்ல 28.6, வேற வகை அகோனிஸ்ட் சாப்பிட்டவங்கள்ல பூஜ்யம், நோயே இல்லாதவங்கள்லயும் பூஜ்யம். இன்னொரு குழு பிரிட்டன்ல பதினோராயிரத்து சொச்சம் பேரோட மருத்துவ ரெக்கார்ட வெச்சு தனியா பாத்து அதே முடிவுக்கு வந்துச்சு. மார்ச் மாசமே அமெரிக்காவுல அந்த மாத்திரைய மார்க்கெட்ட விட்டு எடுத்துட்டாங்க. அப்ப பயந்தவங்க சரியா தான் பயந்தாங்க. அடுத்தது பிமாவான்செரின், பார்க்கின்சன்ல வர மாயக்காட்சி, வீண் சந்தேகத்துக்கு குடுக்கற மாத்திரை, 2016ல அமெரிக்காவுல அனுமதி கெடச்சுது. 2018 ஏப்ரல்ல சிஎன்என் அந்த மாத்திரை சாப்பிட்டவங்க சாவு பத்தி பெரிய செய்தி போட்டாங்க. அதே வருஷம் செப்டம்பர்ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு துறையான எஃப்டிஏ எல்லாத்தயும் திரும்ப பரிசீலிச்சு, புதுசாவோ எதிர்பாராததாவோ எந்த ஆபத்தும் தெரியல, நன்மை தான் அதிகம்னு சொன்னாங்க. முதல் செய்தி ஊரெல்லாம் சுத்துச்சு, ரெண்டாவது எத்தனை பேர் கண்ணுல பட்டிருக்கும்?

ரெண்டுக்கும் வித்தியாசம் எங்க இருக்குன்னு பாத்தீங்களா? பெர்கோலைடுல ஒப்பிட்டு பாக்க மாத்திரை சாப்பிடாத ஆளுங்க இருந்தாங்க, சம்பந்தமே இல்லாத ரெண்டு குழு ஒரே இடத்துல வந்து நின்னுச்சு. மத்ததுல, மாத்திரை சாப்பிட்டாங்க அப்பறம் எறந்தாங்கன்னு ரிப்போர்ட் வந்தத எண்ணினது, ஏற்கனவே வயசாகி நோய் முத்தி மாயக்காட்சி வர அளவுக்கு போனவங்க தான் அந்த மாத்திரைய சாப்பிடறாங்க, அவங்கள்ல சாவு இருக்கத்தான் செய்யும். ரிப்போர்ட்ட எண்ணறதுல சந்தேகம் கெளம்பும், கெளம்பணும், ஆனா அதுவே தீர்ப்பு இல்ல. இப்ப நாத்தனார் எத அனுப்பினாலும் "ஒப்பிட்டது யாரோட"ன்னு மட்டும் திரும்ப கேக்கறேன், பாதி நியூஸ் அதுலயே படுத்துக்குது.

யூடியூப் தமிழ் ஹெல்த் சேனல் ரகத்துக்கு 5க்கு அரை. அதுவும் குரல் நல்லா இருக்கேன்னு. ரெண்டு விஷயம் தான் அங்க திரும்ப திரும்ப ஓடுது. ஒன்னு, லெவோடோபாவ சீக்கிரம் ஆரம்பிச்சா அஞ்சு வருஷத்துல அது வேலை செய்யாம போய்டும், அதனால முடிஞ்ச வரைக்கும் தள்ளி போடுங்கன்னு. இத நம்பி நடக்க முடியாம வீட்லயே முடங்கி கெடக்கறவங்க நெறைய பேரு. 2019ல நெதர்லாந்து ஆய்வு ஒன்னு வந்துச்சு, 445 பேர், பாதி பேருக்கு மொதல்ல இருந்தே லெவோடோபா, மீதி பேருக்கு 40 வாரம் மருந்தே இல்லாத டம்மி மாத்திரை குடுத்துட்டு அப்பறம் லெவோடோபா. 80 வாரம் முடிஞ்சு பாத்தா ரெண்டு கூட்டமும் சமமா தான் இருந்தாங்க, சீக்கிரம் ஆரம்பிச்சதால நோய் மெதுவாகவும் இல்ல, மோசமாகவும் இல்ல, கை கால் தானா நெளியற டிஸ்கைனீசியாவும் பெருசா கூடல. அதுக்கு முன்னாடியே 2014ல கானா நாட்டு ஆய்வு, அங்க மாத்திரை கைக்கு கெடைக்கவே பல வருஷம் ஆகுது, லேட்டா தான் ஆரம்பிக்கறாங்க, இத்தாலி நோயாளிங்களோட ஒப்பிட்டா நோய் வந்து ஏறக்குறைய அதே வருஷத்துல தான் அந்த நெளியறது ரெண்டு நாட்டுலயும் வந்துச்சு. அதாவது எத்தனை வருஷமா மாத்திரை சாப்பிட்டோம்ங்கறத விட நோய் எத்தனை வருஷமா இருக்கு, டோஸ் எவ்ளோங்கறது தான் கணக்கு. மாத்திரைய மிச்சம் புடிச்சு பின்னாடிக்கு சேத்து வெக்க அது ஒன்னும் சீட்டு பணம் இல்ல.

இன்னொன்னு பூனைக்காலி. "சைடு எஃபெக்டே இல்லாத மூலிகை"ன்னு வீடியோ, கீழயே பவுடர் வாங்க போன் நம்பர். பூனைக்காலி விதைல இருக்கறதே லெவோடோபா தான் சாமி! அதுல குணம் இருக்குன்னா அதே லெவோடோபாவால, அப்பறம் குமட்டலும், பிபி எறங்கறதும், நெளியறதும் மட்டும் எங்க போய்டும்? மாத்திரைல கூட கார்பிடோபா சேத்து குடுக்கறது மருந்து மூளைக்கு போறதுக்கு முன்னாடி உடம்புலயே கரைஞ்சு வாந்திய கெளப்பாம இருக்க தான், பவுடர்ல அது கெடையாது, ஒரு ஸ்பூன்ல எவ்ளோ மருந்துன்னு அளவும் கெடையாது. சித்த மருத்துவத்துல முறையா படிச்சவர் கிட்ட போய், சாப்பிடற மாத்திரை எல்லாத்தயும் காட்டி கேக்கறது வேற விஷயம், அத நான் சொல்லல. மருந்து சட்ட விதில ஷெட்யூல் ஜேன்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல இருக்கற நோய குணப்படுத்துவேன்னு எந்த மருந்தும் சொல்லிக்க கூடாது, பார்க்கின்சன் அந்த பட்டியல்ல இருக்கு. "முற்றிலும் குணம்"னு போட்டிருந்தா அங்கயே மூடிட்டு போய்டுங்க.

ஆன்லைன்ல மாத்திரை விக்கற ஆப்புங்கள்ல மாத்திரைய பத்தி ஒரு பக்கம் வெச்சிருப்பாங்க, அதுக்கு ரெண்டரை. சைடு எஃபெக்ட் எல்லாம் ஒரே வரிசைல, குமட்டலும் மாயக்காட்சியும் பக்கத்துல பக்கத்துல, எது அடிக்கடி எது அபூர்வம்னு தெரியாது. ஆனா ஒரு உபயோகம், நம்ம ஊர் பிராண்ட் பேரும் உள்ள என்ன மருந்துங்கறதும் அங்க தான் சட்டுனு கெடைக்கும். வெளிநாட்டு சைட்ல 25-100ன்னு போட்டிருப்பாங்க, நம்ம சின்டோபா ப்ளஸ் பட்டைல 125ன்னு இருக்கும், ரெண்டும் ஒன்னு தான், 100 லெவோடோபா 25 கார்பிடோபா கூட்டி 125. 110னா 100ம் 10ம், 275னா 250ம் 25ம். இது தெரியாம அமெரிக்கா டோஸ படிச்சிட்டு "நமக்கு அதிகமா குடுக்கறாங்க"ன்னு ஒரு சொந்தக்காரர் வந்து சண்டையே போட்டுட்டு போனாரு.

சர்ச் பண்ணா மேல வந்து நிக்கற ஏஐ பதிலுக்கு 2. கேள்வில பார்க்கின்சன்னு எழுதினா பரவால்ல ஒழுங்கா சொல்லுது. எழுதாம பொதுவா வாந்திக்கு என்ன மாத்திரைன்னு கேட்டா லிஸ்ட்ல மெட்டோகுளோபிரமைடும் வந்து நிக்குது, அது டோபமைன தடுக்கற மருந்து, பார்க்கின்சன் ஆளுக்கு குடுத்தா நோய் மோசமாகும். புரோகுளோர்பெரசினும் அப்படியே. தலைசுத்தலுக்கு எல்லாரும் கடைல கேட்டு வாங்கற சின்னரிசின், ஒத்த தலைவலிக்கு குடுக்கற ஃப்ளூனரிசின், இதெல்லாம் நல்லா இருக்கற வயசானவங்களுக்கே பார்க்கின்சன் மாதிரி நடுக்கத்த, விறைப்ப கொண்டு வர கூடியது. எனக்கு கோவமே இதுல தான், சூதாட்ட வெறிக்கு பத்து நியூஸ் வருது, அஞ்சு ரூவா பத்து ரூவாக்கு கெடைக்கற தலைசுத்தல் மாத்திரைய பத்தி ஒருத்தனும் எழுத மாட்டேங்கறான். எங்க மாமாக்கு நடைமுறைல ஆபத்து அதுல தான் அதிகம்.

இப்ப தேறினதுக்கு வரேன். டெய்லிமெட்னு அமெரிக்க அரசாங்கத்தோட சைட், மருந்து டப்பால வர சீட்டு முழுசும் அப்படியே இருக்கும், 5க்கு நாலரை. பாக்க கொடூரமா இருக்கும், பொடி எழுத்து, நீளம் முடியவே முடியாது, அரை ஸ்டார் அதுக்கு தான் கொறச்சேன். ஆனா உள்ள ஒரு டேபிள் இருக்கும், மருந்து சாப்பிட்டவங்க ஒரு பக்கம், டம்மி மாத்திரை சாப்பிட்டவங்க இன்னொரு பக்கம். பிரமிபெக்ஸோல் சீட்டுல ஆரம்ப நிலை நோயாளிங்க டேபிள பாருங்க: தலைசுத்தல் மருந்துல 25 சதவீதம், டம்மில 24! குமட்டல் 28, 18. தூக்கம் அசத்தறது 22, 9. மாயக்காட்சி 9, 3. "நாலுல ஒருத்தருக்கு தலைசுத்தல்"னு நியூஸ் போட்டா அது பொய்யாகாது, ஆனா சும்மா மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் அதே தான்ங்கறது இங்க வந்தா தான் தெரியும். எங்க கவனிக்கணும்னும் இதே டேபிள் தான் சொல்லுச்சு, இதுல குமட்டலும் தூக்கமும் மாயக்காட்சியும் தான் நெஜமா கூடுது. வண்டி ஓட்டிகிட்டே தூங்கி போன எட்டு பேர பத்தி 1999லயே டாக்டருங்க எழுதிட்டாங்க, பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் சாப்பிட்டவங்க. எங்க மாமா டிவிஎஸ்ஸ எடுத்துகினு காட்பாடி வரைக்கும் போய்ட்டு வந்துனு இருந்தாரு, இந்த டேபிள காட்டின அன்னிக்கு சாவிய அவரே குடுத்துட்டாரு, அதுக்கு முன்னாடி நாங்க எல்லாரும் கத்தியும் குடுக்கல. "நம்பரு கீதில்ல, அப்ப சரி"ன்னாரு. ரயில்வேல இருந்தவரு.

மெட்லைன்ப்ளஸ், இதுவும் அமெரிக்க அரசு தான், விளம்பரம் கெடையாது, 4. இதுல எனக்கு புடிச்சது பிரிச்சு வெச்சிருக்கறது, இது தொந்தரவா இருந்தா டாக்டர் கிட்ட சொல்லுங்க, இது வந்தா உடனே கூப்பிடுங்கன்னு ரெண்டு தனி தனி பட்டியல், ஒரு வேளை மறந்துட்டா என்ன பண்ணணும்னும் போட்டிருக்கு. லெவோடோபால மூத்திரம், வேர்வை, எச்சில் கருஞ்சிவப்பா மாறலாம், அதுக்கு பயப்பட வேணாம்னு இங்க தான் படிச்சேன், வெள்ள பனியன்ல கறை பாத்து அத்தை ரத்தம்னு அலறின அன்னிக்கு இது காப்பாத்துச்சு. உக்காந்து எழுந்தா பிபி எறங்கும், மெதுவா எழுப்புங்கன்னும் சொல்லுது. இங்க நம்ம ஊருக்குன்னு ஒன்னு சேத்துக்கணும், வேலூர் மே மாச வெயில்ல உடம்புல தண்ணி வத்தினா அந்த பிபி இன்னும் கொடூரமா எறங்கும், அமெரிக்காகாரன் அத எழுதல, காலைல கட்டில்ல ரெண்டு நிமிஷம் உக்கார வெச்சு தண்ணி குடுத்துட்டு தான் நாங்க எழுப்பறோம். ஒரு ஸ்டார் கொறச்சது எல்லாமே அவங்க ஊர் பிராண்ட் பேரா இருக்கறதுக்கு.

பார்க்கின்சன்ஸ் யூகே, பிரிட்டன் தொண்டு நிறுவனம், அவங்க சைட்டுக்கும் 4. நோயாளியோட வீட்டாளுங்களுக்குன்னு எழுதறாங்க, அந்த சூதாட்ட விஷயத்தயே வெக்கப்படாம எப்படி பேசறதுன்னு வரைக்கும் போட்டிருக்காங்க. சாப்பாட்டு விஷயமும் அங்க நல்லா இருக்கு, புரதம் அதிகமா இருக்கற சாப்பாட்டோட லெவோடோபா சேந்தா ரெண்டும் உள்ள போக போட்டி போடும், மாத்திரை சரியா வேலை செய்யாது. நமக்கு புரியற மாதிரின்னா, ஞாயித்துக்கெழம ஆம்பூர் பிரியாணியோட மாத்திரைய போட்டா சாயந்திரம் வரைக்கும் மனுசன் சேர விட்டு எழ மாட்டாரு, அரை மணி முன்னாடியே குடுத்துட்டா பிரச்சினை இல்ல, பிரியாணிய நிறுத்த தேவையில்ல. மாத்திரை வேலை செய்யலைன்னு நெனச்சு டோஸ ஏத்த சொல்லி கேக்கறதுக்கு முன்னாடி இத பாத்துக்குங்க. ரத்த சோகைக்கு இரும்பு சத்து மாத்திரை சாப்பிட்டாலும் இதே கதை, ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி விடணும்.

ஐடா ஸ்கடர் ரோட்டுல மருந்து கடைங்க வரிசையா இருக்கே, பெங்காலி இந்தி போர்டெல்லாம் மாட்டிகினு, அதுல நாங்க வாடிக்கையா போற கடைல இருக்கற பார்மசிஸ்ட் பொண்ணுக்கு 4. ரசாஜிலின்ங்கற இன்னொரு பார்க்கின்சன் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருக்கற இருமல் டானிக் குடுக்க கூடாதுன்னு கேக்காமலே சொன்னது அந்த பொண்ணு தான். கூட்டம் இல்லாத மத்தியானம் போகணும், காலைல போனா சீட்ட நீட்டறதுக்கே இடம் கெடைக்காது, அந்த ஒரு ஸ்டார் கூட்டத்துக்கு.

கடைசியா நம்ம நாட்டு அரசாங்கத்தோடது, பிவிபிஐ, மருந்து பக்க விளைவ பதிவு பண்ற திட்டம், காசியாபாத்ல இருந்து நடத்தறாங்க, டோல் ஃப்ரீ நம்பர் 1800-180-3024. 2010ல இருந்து இருக்கு, நம்மாளுங்கள்ல பத்து பேரக் கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. மூணரை குடுக்கறேன். நியூஸ படிச்சிட்டு பொலம்பறதுக்கு பதிலா, உங்க வீட்டு ஆளுக்கு நெஜமாவே ஏதாவது ஆச்சுன்னா நோயாளி சைடுல இருந்து நீங்களே சொல்லலாம், மாத்திரையால தான் வந்துச்சுன்னு நிரூபிக்கணும்னு இல்ல, சந்தேகம் இருந்தாலே போதும். எப்ப ஆரம்பிச்சீங்க, எப்ப தொந்தரவு வந்துச்சு, கூட வேற என்ன மாத்திரை ஓடுதுன்னு கையில எழுதி வெச்சுகினு பேசுங்க. ரிப்போர்ட் ஃபார்ம்ல பேட்ச் நம்பருக்குன்னு ஒரு கட்டம் இருக்கு, அதனால நாங்க பட்டைய கிழிக்கறப்ப பேட்ச் நம்பர் அச்சடிச்ச ஓரத்த மட்டும் கடைசி மாத்திரை தீர்ற வரைக்கும் விட்டு வெச்சுடறோம்.